சி தந்தியும் முழங்காலும்

ஜனவரி 8

ஏழு ஆண்டுகள் வயலின் வாசித்த பெண் இன்று, வயலினைவிடப் பெரிய, தாழ்ந்த ஒலியுள்ள வயோலா கற்க வந்தாள். விரல்களில் நல்ல ஓட்டம், சுருதியில் பிசகு இல்லை. ஆனால் வயோலாவின் மிகத் தாழ்ந்த, தடித்த தந்தியான சி தந்தியில் வில்லை வைத்ததும் கரகரவென்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. வயலின் பழக்கத்தில் வில்லை வேகமாக இழுக்கிறாள். தடித்த தந்தி விழித்தெழுவதற்குள் பாதி வில் ஓடிவிடுகிறது.

"இன்னும் அழுத்தட்டுமா டீச்சர்?" என்று கேட்டாள். அழுத்த வேண்டாம், மெதுவாக இழு என்றேன். கொஞ்சம் தேறியது, அவ்வளவுதான்.

ஜனவரி 10

அவளுடைய வயோலாவை அளந்தேன். உடல் நீளம் 16.5 அங்குலம். முழு அளவு வயலின் 14 அங்குலம்தான். வயோலாவுக்கு அப்படி ஒரே அளவு கிடையாது. தாழ்ந்த சுருதிக்கு ஏற்ற உடல் வேண்டுமென்றால் வயலினைப் போல் ஒன்றரை மடங்கு நீளம் தேவைப்படும். அதைத் தோளில் வைத்து யார் வாசிப்பது? அதனால் ஒவ்வொரு வயோலாவும் ஒலிக்கும் கைக்கும் இடையே ஒரு சமரசம். அவள் சுண்டுவிரல் சி தந்தியை எட்டும்போது மணிக்கட்டு வளைந்து மடங்கியது. என்னிடமிருந்த 15.5 அங்குலக் கருவியைக் கொடுத்து, இடது முழங்கையை உள்ளே கொண்டுவரச் சொன்னேன். கை நேரானது. எட்டாத கருவியைக் கையில் கொடுத்துவிட்டுப் பயிற்சி போதவில்லை என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்வது அநியாயம்.

ஜனவரி 17

இதுவரை அவள் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று சற்றுத் தள்ளி நின்று ஆளை முழுதாகப் பார்த்தேன். சி தந்திக்கு வில் போகும் முன் மூச்சு நிற்கிறது, தாடை இறுகுகிறது, இரண்டு முழங்கால்களும் பின்னோக்கிப் பூட்டிக்கொள்கின்றன. கோளாறு வில்லில் இல்லை.

கருவியைப் பெட்டியில் வைக்கச் சொன்னேன். அவள் வலது முன்கையை என் உள்ளங்கையில் ஏந்தி, "கையின் கனத்தை என்னிடம் கொடும்மா" என்றேன். கொடுத்துவிட்டேன் என்றாள். என் கையை விலக்கினேன். அவள் கை அந்தரத்தில் அப்படியே நின்றது! அவளே திகைத்துப் போனாள். மறுபடி, மறுபடி. ஏழாவது முறை கை பொத்தென்று தொடையில் விழுந்தது.

பிறகு முழங்காலைத் தளர்த்தி, வில்லைத் தந்தியில் வைத்து, கனம் இறங்கும்வரை இழுக்காமல் நிற்கச் சொன்னேன். மூச்சு வெளியேறும்போது வில்லும் நகர்ந்தது. ஆழமான, உருண்டையான ஒலி. "தாடையிலும் கழுத்தெலும்பிலும் அதிர்கிறது டீச்சர்" என்றாள்.

புகழ்பெற்ற வயோலா கலைஞர் பிரிம்ரோஸிடம் பயின்ற வயோலா ஆசிரியை கேரன் டட்டில் (1920–2010) தன் மாணவர்களிடம் வற்புறுத்தியது இந்தத் தளர்வைத்தான். தெரிந்திருந்தும் இதற்கு வந்துசேர எனக்கு ஒன்பது நாள் ஆகியிருக்கிறது.

ஜனவரி 18

வகுப்பு இல்லை. என் சாதகத்தின்போது இடது கை மேல் பொசிஷனுக்கு, அதாவது தந்தியில் கை நிற்கும் அடுத்த இடத்துக்கு, தாவும்போது என் மூச்சைக் கவனித்தேன். நானும் பிடித்து வைக்கிறேன்.

ஜனவரி 24

வயோலாவின் இசைக்குறிப்பு எழுதப்படும் ஆல்ட்டோ கிளெஃப் என்ற முறையை அவள் படிப்பதே இல்லை. வயலினின் மூன்றாம் பொசிஷன் என்று எண்ணிக்கொண்டு விரலை வைக்கிறாள். விரல் சரியாகத்தான் விழுகிறது, ஆனால் அடுத்த சுரம் காதில் முன்கூட்டி ஒலிப்பதில்லை. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் செல்லோ என்ற பெரிய தந்திக் கருவிக்கு எழுதிய முதல் தொகுப்பிலிருந்து சரபாண்ட் என்ற மெதுவான நடனப் பகுதியை எடுத்து, வாசிக்காமல் பாடச் சொன்னேன். வெட்கப்பட்டாள். நானும் சேர்ந்து பாடினேன். இரண்டாம் எண்ணிக்கையில் பாட்டு சாய்ந்து நிற்பதைக் குரல் தானாகவே கண்டுகொண்டது. மூச்சு வாங்கிய இடங்களைப் பென்சிலால் குறித்தோம். வாசிக்கும்போதும் அதே இடங்களில் மூச்சு வந்தது.

ஜனவரி 31

மூன்றாம் தொகுப்பின் முன்னிசையைத் தொடங்கினோம். ஆரம்பத்திலேயே இரண்டு ஸ்தாயி படியிறங்கித் விரல் வைக்காத, திறந்த சி தந்தியில் வந்து சேரும். இறங்கும்போது அவள் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூட்டவில்லை. கடைசிச் சுரத்தில் வில் நின்றது. தந்தியின் அதிர்வு அடங்கும்வரை அவள் அசையவில்லை.

"இன்னொரு தடவை வாசிக்கட்டுமா டீச்சர்?" என்றாள்.