நம்மாளுதான், ஆனாலும்

2025 நவம்பர் 16, மூணாறு

பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி அலுவலர்) வந்து வாக்காளர் பட்டியல் திருத்தப் படிவம் கொடுத்தார். 2002 பட்டியலில் நம் பெயரோ அப்பா அம்மா பெயரோ எங்கே இருக்கிறது என்று எழுத வேண்டுமாம். லயத்து (தேயிலைத் தோட்டக் கம்பெனியின் வரிசை வீடுகள்) வாசலில் உட்கார்ந்து ஆளாளுக்குச் செல்போனில் தேடினோம். பக்கத்து வீட்டுச் சித்திக்கு இங்கேயும் ஓட்டு, சங்கரன்கோவில் பக்கம் ஊரிலும் ஓட்டு.

"ரெண்டு எடத்துல இருந்தா கேஸ் ஆயிரும் சித்தி."

"ரிட்டயர்டு ஆனா லயத்தக் காலி பண்ணச் சொல்லுவான். ஊருக்குத்தான போகணும்? அங்க பேரு வேண்டாமா?"

இரட்டை ஓட்டு என்று டிவியில் கத்துகிறவர்கள் சித்தியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நவம்பர் 23

உள்ளாட்சித் தேர்தல் போஸ்டர் எல்லாம் தமிழில். எங்கள் தேவிகுளம் எஸ்.சி. தனித்தொகுதி, ஏ.கே.மணி, எஸ்.ராஜேந்திரன், ஏ.ராஜா என்று 1991 முதலே நம் தமிழாட்கள்தான் கேரளச் சட்டமன்றம் போகிறார்கள். 2021-இல் ராஜா தமிழில் பதவியேற்றபோது பெருமையாகத்தான் இருந்தது. (வாசகத்தில் ஏதோ விட்டுப்போய் மறுபடி ஏற்றார், அது வேறு கதை.) 2023-இல் உயர் நீதிமன்றம் அந்த வெற்றியை ரத்து செய்தது, போன மே மாதம் உச்ச நீதிமன்றம் திருப்பிக் கொடுத்தது. எஸ்.சி. என்று நிற்க அவருக்குத் தகுதி உண்டா என்பதுதான் வழக்கு. அவர் கிறிஸ்தவரா என்பது ஒரு கேள்வி. குடும்பம் 1950-க்கு முன்பே இங்கே வந்ததா என்பது இன்னொன்று.

என் தோழியின் தாத்தா 1950-க்கு அப்புறம் வந்தவர். அவளும் அவள் அம்மாவும் பிறந்தது இங்கேதான். ஆனால் இங்கே எஸ்.சி. சான்றிதழ் கிடையாது. ஓட்டுப் போடலாம், தனித்தொகுதியில் நிற்க முடியாது. ஜெயித்தவருக்கே தாத்தா கணக்குப் பார்க்கிறார்கள் என்றால் அவளெல்லாம் எந்த மூலைக்கு?

டிசம்பர் 9

ஓட்டுப் போட்டாயிற்று. கிராமம், பிளாக், ஜில்லா என்று மூன்று. வரிசையில் பேச்சு தானாக 2015-க்குப் போனது. பெம்பிளை ஒருமை, அதாவது தேயிலைத் தோட்டப் பெண்களின் ஒற்றுமைப் போராட்டம். ஆம்பளைத் தலைவர்களை ஒதுக்கிவிட்டுக் கொழுந்து கிள்ளும் பெண்களே ரோட்டில் உட்கார்ந்து 20 சதவீத போனஸ் வாங்கினார்கள். 232 ரூபாய் கூலி பிறகு 301 ஆனது. அவர்கள் கேட்டது 500. ஒன்பது நாள் கிடந்த கதையை ஒரு அக்கா மழையோடு சேர்த்துச் சொன்னார். எம்.எல்.ஏ. பெயர் ஒரு இடத்திலும் வரவில்லை.

டிசம்பர் 13

பஞ்சாயத்துக்கு ஜெயித்தவர் மாலையோடு வந்தார். இதே லயத்தில் பிறந்தவர். சித்தி நேராகக் கக்கூஸுக்குக் கூட்டிப்போய் ஓட்டைத் தகரத்தைக் காட்டினார்.

"இது கம்பெனிக் கட்டடம் சித்தி, பஞ்சாயத்துக் காசப் போட முடியாது."

"அப்ப எதுக்குய்யா மூணு ஓட்டு?"

அவர் சிரித்துச் சமாளித்தார். சரி, மனு நான் எழுதுகிறேன், கம்பெனிக்கு ஒன்று, பஞ்சாயத்துக்கு ஒன்று. முதல் கையெழுத்து அவர் போடட்டும்.