ஊதுபத்திப் புகை காட்டிக்கொடுத்தது

தண்டையார்பேட்டையில் எங்கள் வீடு முதல் மாடி, துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் இரைச்சல் ராத்திரி முழுக்கக் கேட்கும். அம்மாவுக்கு இளைப்பு உண்டு. ஜன்னலைத் திறந்தால் தூசி, சாத்திவிட்டு ஏசி போட்டால் மூச்சு முட்டுகிறது என்பார். அதற்காகத்தான் போன வருடம் இ.ஆர்.வி (எனர்ஜி ரெக்கவரி வென்டிலேட்டர்) மிஷின் ஒன்று மாட்டினோம். வீட்டின் பழைய காற்றை வெளியே தள்ளி, வெளிக்காற்றை ஃபில்டர் வழியாக உள்ளே தரும். வெளியே போகும் குளிர்ந்த பழைய காற்று, உள்ளே வரும் புதுக் காற்றின் சூட்டையும் ஈரத்தையும் பெருமளவு வாங்கிக்கொண்டு போய்விடும். எச்.ஆர்.வி (ஹீட் ரெக்கவரி வென்டிலேட்டர்) என்றால் சூட்டை மட்டும்தான் வாங்கும், நம் கடலோரப் புழுக்கத்துக்கு அது போதாது.

மூன்றாவது மாதம் பாத்ரூமில் சாக்கடை வாடை. "ஏம்பா, பினாயில் ஊத்தியும் போகமாட்டேங்குதே" என்று அம்மா தினமும் சொல்வார். பிளம்பர் வந்து பார்த்துவிட்டுக் குழாயில் கோளாறு இல்லை என்றார். ஒரு வெள்ளிக்கிழமை சாமி படத்துக்குக் காட்டிய ஊதுபத்தியோடு வாசல் பக்கம் போனேன். சாத்தியிருந்த கதவின் அடி இடுக்கில் பிடித்தபோது, புகை நேராக எழும்பாமல் தரையோடு படுத்துக் கூடத்துக்குள் ஓடியது. அப்போதுதான் விளங்கியது: மிஷின் உள்ளே தருவதைவிட அதிகமாக வெளியே தள்ளுகிறது, குறையும் காற்றை வீடு கிடைத்த சந்தில் எல்லாம் இழுக்கிறது. அதிகம் புழங்காத பாத்ரூமில் தரை ஜாலிக்குக் கீழே வாடையை மறித்து நிற்க வேண்டிய தண்ணீர் வற்றியிருந்தது, அந்த வழியாகத்தான் வாடை.

காற்றின் வேகத்தை அளக்கும் அனிமோமீட்டர் ஒன்றைக் கடன் வாங்கி வந்தேன். ஆறு அங்குல (150 மி.மீ) டக்டில், அதாவது காற்றுக் குழாயில், குறுக்கே ஐந்தாறு இடத்தில் வைத்துச் சராசரி எடுக்க வேண்டும், நடுவில் மட்டும் வைத்தால் கணக்கு கூடிவிடும். உள்ளே வருவது நொடிக்கு 2 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 127 கன மீட்டர். வெளியே போவது 3 மீட்டர், 190 கன மீட்டர். ஃபில்டரைக் கழற்றினால், வெள்ளையாக இருந்தது வாணலி அடி மாதிரி கறுத்திருந்தது. விரலால் தொட்டால் மை போல ஒட்டியது. அம்மாவின் நெஞ்சுக்குள் போயிருக்க வேண்டியது அது. கழுவி மாட்டியதும் உள்ளே வருவது 2.6 ஆனது. மாட்டிக் கொடுத்தவர்கள் இதையெல்லாம் அளந்து பார்க்கவே இல்லை என்பதில் எனக்கு இன்னும் கோபம்தான்.

அடுத்து, வெளியே போகும் டக்டில் காற்றைக் கூட்டிக் குறைக்கும் தகடான டாம்பரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி 2.4-க்குக் கொண்டுவந்தேன். இரண்டையும் சமமாக வைக்காமல் உள்ளே வருவதைச் சற்றுக் கூடுதலாக விட்டது வேண்டுமென்றேதான். குளிர் நாடுகளில் இப்படி வைத்தால் வீட்டுக்குள் இருக்கும் ஈரக் காற்று சுவருக்குள் புகுந்து நீராகப் படிந்துவிடும் என்று பயப்படுவார்கள். நமக்கு ஈரம் இருப்பது வெளியே. அதை வீடு உறிஞ்சினால் ஏசியில் குளிர்ந்த சுவரில் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். ஏசி அறையில் ஸ்விட்ச் பெட்டியைச் சுற்றிக் கறுப்பாகப் படர ஆரம்பித்திருந்தது அதுதான்.

அளக்கும்போது கடல்காற்று பலமாக வீசினால் அளவு நிலைக்காது, அதனால் காற்று அடங்கிய காலை நேரத்தில் செய்யுங்கள். ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கட்டும், சிம்னியை அணைத்துவிடுங்கள். சமையலறைச் சிம்னி மணிக்கு ஆயிரம் கன மீட்டருக்கு மேல் இழுக்கக்கூடியது, அதன் முன்னால் இந்தச் சின்ன மிஷின் ஒன்றும் செய்ய முடியாது. சிம்னி ஓடும்போது நாங்கள் சமையலறை ஜன்னலைத் திறந்துவிடுகிறோம். வீட்டில் கேஸ் கீசர் இருந்தால் இப்படி அளந்து சரிசெய்வதைத் தள்ளிப்போடவே வேண்டாம். வீடு காற்றை உள்ளே இழுக்கும் நிலையில் கீசரின் புகை வெளியேறாமல் திரும்பி வரும், அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது.

டாம்பர் நின்ற இடத்தில் மார்க்கரால் கோடு போட்டிருக்கிறேன். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை ஃபில்டர் கழுவுகிறேன், கழுவி முடித்ததும் அம்மாவே ஒரு ஊதுபத்தியை ஏற்றி வாசல் இடுக்கில் பிடித்துப் பார்க்கிறார்.