பால் கட்டுவதும் வைர விதையும்

மலேசியாவின் கூலிமில் வளர்ந்தவர்களுக்கு வைரப் படலத்தின் முதல் பாடம் பாதி தெரிந்ததுதான். மங்கில் (மரத்தில் கட்டும் கோப்பையில்) எடுத்த ரப்பர் பாலில் கொஞ்சம் பார்மிக் அமிலம் விட்டால் கட்டிக்கொள்ளும். துகள்களை விலக்கி வைத்திருந்த மின்னூட்டம் போய்விடுகிறது, அவ்வளவுதான் விஷயம். 5 நானோமீட்டர் வைரத்தூள் கலந்த நீரும் அதே சாதிதான். அந்தத் தூள்தான் படலம் முளைக்கும் விதை.

மூடிய அறைக்குள் ஹைட்ரஜனோடு சிறிது மீத்தேன் கலந்து, நுண்ணலையால் மூட்டிய பிளாஸ்மாவில் (மின்னூட்டமேறி ஒளிரும் வாயுவில்) வைரப் படலம் வழக்கமாக 700 முதல் 900 டிகிரி செல்சியஸில் வளரும். அடியில் கண்ணாடியோ மின்சுற்றின் அலுமினியத் தடமோ இருந்தால் 400 பக்கமே நிற்க வேண்டும். அந்தச் சூட்டில் வளர்ச்சி மந்தம். மணிக்கு 20 நானோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சதுர சென்டிமீட்டருக்கு 10 பில்லியன் விதை விழுந்திருந்தால் சராசரி இடைவெளி 100 நானோமீட்டர். படலம் மூட ஏறக்குறைய 50 வளர வேண்டும். இரண்டரை மணி நேரம். அதுவரை ஹைட்ரஜன் பிளாஸ்மா திறந்த இடத்தை அரித்துக்கொண்டிருக்கும். விதையைப் பத்து மடங்காக்கினால் இடைவெளி 30 சொச்சம், ஒரு மணிக்குள் மூடிவிடும். எனவே அறையின் கதவை மூடுமுன்பே பாதி முடிவு தெரிந்துவிடுகிறது.

சிலிக்கான் தகட்டின் ஆக்சைடு மேற்பரப்பு நீரில் எதிர்மின்னூட்டம் கொண்டது. ஹைட்ரஜனில் சூடேற்றிய வைரத்தூள் நேர்மின்னூட்டம் பெறும், தானாகப் போய் ஒட்டும். லிட்டருக்கு 0.05 கிராம் போதும். மீயொலித் தொட்டியில் 10 நிமிடம், அயனி நீக்கிய நீரில் ஓர் அலசல், உடனே சுழற்றி உலர்த்தல். குழாய் நீர் ஒரு சொட்டு, விரல் உப்பு ஒரு தடவல் போதும், தூள் திரண்டு அடியில் சாம்பலாக இறங்கிவிடும். அப்படியே காயவிட்டால் மேசையில் கோப்பி சிந்திய வளையம் போல ஓரம் கட்டும். வளர்ந்த படலத்திலும் அதே வளையம் நிற்கும்.

அடுத்த ஏமாற்று, வெப்பமானி. 400 டிகிரியில் சிலிக்கான் அகச்சிவப்பின் பெரும்பகுதியை ஊடுருவ விடும். தொடாமல் ஒளியைப் பார்த்தே சூட்டை அளக்கும் பைரோமீட்டர் தகட்டைப் பார்ப்பதாக நினைக்கும், உண்மையில் தகட்டைத் தாங்கும் பீடத்தைப் பார்க்கிறது. பீடத்தில் பொருத்திய கம்பி வெப்பமானியான தெர்மோகப்பிளும் பீடத்தின் சூட்டைத்தான் சொல்லும். மேற்பரப்பைச் சுடவைப்பது பிளாஸ்மா. அலுமினியத் தடத்தோடு உள்ள தகட்டை அந்த எண்ணை நம்பி வைக்காதீர்கள்.

வேகம் போதவில்லை என்று மீத்தேனை 1 விழுக்காட்டிலிருந்து 5, 6 என்று ஏற்றுவது எல்லோருக்கும் வரும் ஆசை. கிடைப்பது வைரத்தைவிட கரி. லேசர் ஒளி சிதறுவதை வைத்துப் பொருளை அடையாளம் காட்டும் ராமன் நிறமாலையில் 1332 செ.மீ⁻¹இல் வைரத்தின் கூர்முனையைத் தேட வேண்டும். 1140இல் மேடு கண்டு மகிழ்பவர்கள் உண்டு. அது வைரமல்ல, வைர மணிகளின் எல்லையில் சேர்ந்த பாலிஅசெட்டிலீன் என்ற கார்பன் சங்கிலி. சிறிது கார்பன் டை ஆக்சைடு கலந்தால் கரி குறையும், வளர்ச்சியும் இன்னும் மெதுவாகும். பிளாஸ்மாவின் ஒளியில் 388 நானோமீட்டரில் கோடு தெரிந்தால் எங்கோ காற்று கசிகிறது, நைட்ரஜன் உள்ளே வந்துவிட்டது.

மழைக்காலத்தில் வளர்ப்பு அறையைத் திறந்துவைத்தால் சுவரெல்லாம் ஈரம் ஒட்டும். மூடிய பின் இரவெல்லாம் வெற்றிடப் பம்ப் ஓடட்டும். 200 நானோமீட்டருக்குப் பத்து மணி நேரம் என்றால், மதிய இடியோடு மின்சாரம் ஒரு கணம் தடுமாறினால் போதும், நுண்ணலை தரும் மேக்னட்ரான் அணைந்துவிடும். ஆகவே மாலை இடி ஓய்ந்தபின் தொடங்குவது வழக்கம். பிளாஸ்மா அணைந்ததும் மீத்தேன் வால்வு தானாக மூட வேண்டும். மறுபடி ஏற்றும்போது முதலில் ஹைட்ரஜன் மட்டும் சில நிமிடம், பிறகே மீத்தேன். முடிக்கும்போதும் முதலில் மூட வேண்டியது மீத்தேன்தான்.