கணவரின் கடன், என் ரீஃபண்ட்

2019 பிப்ரவரி கடைசி வாரம். வரி ரீஃபண்ட் 3,912 டாலர் வர வேண்டியிருந்தது. அதை நம்பிப் பழைய காரை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு, தினமும் காலையில் பேங்க் ஆப்பைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பணம் வரவில்லை, கடிதம் வந்தது. உங்களுக்குச் சேர வேண்டியது இவ்வளவு, பிடித்துக்கொண்டது இவ்வளவு, பணம் போன இடம் கல்வித் துறை. இரண்டு தொகையும் ஒன்றேதான்.

கணவரிடம் நீட்டினேன். இரண்டு தடவை படித்தார். "அந்தக் காலேஜ் லோனாத்தான் இருக்கும்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அவர் பன்னிரண்டு வயதில் கிரீன் கார்டோடு நியூ ஜெர்சிக்கு வந்தவர். அதனால் அமெரிக்க அரசாங்கத்தின் மாணவர் கடனில் படிக்க முடிந்தது. சில வருடம் கட்டியிருக்கிறார். நடுவில் வேலை போனபோது நிறுத்தியவர், அப்படியே விட்டுவிட்டார். நான் 2013-இல் கல்யாணமாகித் திருச்சியிலிருந்து வந்தேன். கடன் இருந்தது தெரியும், கட்டாமல் இருந்தது தெரியாது.

திருச்சியில் என் தம்பியின் கல்விக் கடன் இரண்டு தவணை தவறியதற்கே மேனேஜர் அப்பாவுக்குப் போன் போட்டுவிட்டார். இங்கே வேறு மாதிரி. 270 நாள் கட்டாவிட்டால் கடன் 'டிஃபால்ட்'. கடன் கொடுத்ததே அரசாங்கம் என்பதால் கோர்ட்டுக்குப் போகத் தேவையில்லை, இத்தனை வருடத்துக்குள் வசூலிக்க வேண்டும் என்ற கெடுவும் இல்லை. ரீஃபண்டைப் பிடிப்பதற்கு முன் 65 நாள் அவகாசம் கொடுத்துக் கடிதம் போடுவார்கள். போட்டிருக்கிறார்கள், நாங்கள் எப்போதோ காலி செய்த ஃபிளாட்டுக்கு. புது முகவரியை இவர் சொல்லவே இல்லை. யாரைக் குறை சொல்ல?

மார்ச் மாதம் அவருடைய ஆபீஸ் பேரோலிலிருந்து மின்னஞ்சல். சம்பளத்திலும் பிடிக்க உத்தரவு வந்திருக்கிறதாம். வரியெல்லாம் போக மிஞ்சுவதில் 15 சதவீதம் வரை எடுக்கலாம். அவருக்கு இரண்டு வாரச் சம்பளத்தில் கையில் நின்றது 1,420 டாலர், அதில் 213 போயிற்று. முன்னறிவிப்புக் கடிதம் வந்த 30 நாளுக்குள் விசாரணை கேட்டிருந்தால், அது முடியும் வரை கைவைத்திருக்க மாட்டார்கள். அந்தக் கடிதமும் பழைய ஃபிளாட்டுக்குத்தான் போயிருந்தது.

பணத்தைவிட, பேரோல் பெண்ணுக்குத் தெரிந்துவிட்டதே என்பதுதான் அவரை அரித்தது. இதற்காக வேலையை விட்டு எடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று நான் படித்துக் காட்டியும், ஒரு வாரம் மதியச் சாப்பாட்டைக் காரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்.

எனக்கு வந்த கோபம் வேறு. நாங்கள் சேர்ந்து வரித் தாக்கல் செய்பவர்கள். அந்த 3,912-இல் நான் டேகேரில் வேலை செய்து கட்டிய வரியும் இருந்தது. கடன் வாங்கியபோது நான் திருச்சியில் கல்லூரிக்கு பஸ் பிடித்துக்கொண்டிருந்தேன்! தமிழ்ப் பள்ளியில் ஒரு அம்மா, "இன்னொசென்ட் ஸ்பவுஸுன்னு ஒரு ஃபார்ம் இருக்கு" என்றார். தேடிப் பார்த்தால் அது துணையின் வரித் தவறுக்கு நாம் பொறுப்பில்லை என்று சொல்கிற 8857. எனக்கு வேண்டியது 8379, 'இஞ்சர்டு ஸ்பவுஸ்'. அதாவது காயம்பட்ட துணை. பெயரைப் பார்த்து, அந்த மாதத்தில் முதல் தடவையாக இரண்டு பேரும் சிரித்தோம்.

யார் வருமானம் எவ்வளவு, யார் சம்பளத்தில் எவ்வளவு வரி பிடித்தார்கள், குழந்தை யார் கணக்கில் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து எழுத வேண்டும். தனியாக அனுப்பினால் எட்டு வாரம் ஆகும் என்றார்கள். இரண்டு பேருடைய டபிள்யூ-2, அதாவது வருடச் சம்பளமும் பிடித்த வரியும் காட்டும் சீட்டு, அதன் நகலையும் வைத்துத் தபாலில் சேர்த்தேன். மே கடைசியில் என் பங்காக 1,340 டாலர் வந்தது. கார் அதற்குள் கிரெடிட் கார்டில் ஓட ஆரம்பித்திருந்தது.

சம்பளப் பிடித்தத்தை நிறுத்துவதுதான் பெரிய வேலை. கடனைப் புதுக் கடனாக மாற்றும் கன்சாலிடேஷனுக்கு, பிடித்தம் ஓடிக்கொண்டிருந்ததால் வழியில்லை. மிச்சம் இருந்தது, கடனை டிஃபால்ட்டிலிருந்து மீட்கும் 'ரீஹேபிலிடேஷன்': பத்து மாதத்துக்குள் ஒன்பது தவணை, தவறாமல். கடனை வசூலிக்கும் நிறுவனம் வருமானத்தை வைத்து மாதம் 435 டாலர் என்றது. அவர் சரி என்று தலையாட்டப் போனார். நான் போனை வாங்கி, வரவு செலவுப் படிவம் அனுப்பச் சொன்னேன். வாடகை, டேகேர், மாமியாரின் மருந்து எல்லாவற்றையும் எழுதி அனுப்பியதும் 160-க்கு இறங்கியது. கேட்காமலிருந்தால் 435-தான்.

இதில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று உண்டு. சம்பளத்தில் பிடிப்பது இந்த ஒன்பதில் சேராது. 160-ஐத் தனியாகக் கட்ட வேண்டும். ஐந்து தவணை கட்டிய பிறகுதான் பிடித்தத்தை நிறுத்திவைப்பார்கள். ஆக ஜூனிலிருந்து அக்டோபர் வரை மாதம் 586 டாலர். அந்தத் தீபாவளிக்குப் பட்டாசும் இல்லை, புதுத்துணியும் இல்லை. நவம்பர் சம்பளச் சீட்டில் அந்த 213 இல்லை. அதைப் பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டினார்.

ஒன்பதாவது தவணையை 2020 பிப்ரவரியில் கட்டினோம். கிரெடிட் ரிப்போர்ட்டில் டிஃபால்ட் என்ற வார்த்தை போயிற்று, தவணை தாமதமானதைக் காட்டும் பழைய பதிவுகள் அப்படியே நின்றன. அடுத்த மாதமே கொரோனா. மார்ச் 13 முதல் வட்டி பூஜ்யம், தவணை கட்ட வேண்டாம். ரீஹேபிலிடேஷன் பாதியில் இருந்தவர்களுக்குக் கட்டாத மாதங்களும் கட்டியதாகவே கணக்கில் ஏறின. அதைப் படித்துவிட்டு அவர் ஒன்றும் பேசாமல் பால்கனிக்குப் போய் நின்றார்.

டிஃபால்ட் ஆன கடன்களை வசூலிப்பது 2025 மே 5-இல் மறுபடி தொடங்கியது. அந்த வாரம் நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, கல்வித் துறையிலேர்ந்து ஒரு கவர் வந்திருக்கு. அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க." தேதி என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன். இன்னும் பிரிக்கவில்லையாம். போனை வைக்காமல் அப்போதே பிரிக்கச் சொன்னேன்.