மானியம் எங்கே கரைகிறது

எரிவாயுக் குழாய்க்கு அரசு மானியம் என்றதும் எல்லோரும் தொகையைத்தான் கேட்பார்கள். உத்தரப் பிரதேசத்திலிருந்து கிழக்கு மாநிலங்களுக்குப் போகும் ஜகதீஷ்பூர்-ஹல்தியா-பொகாரோ-தாம்ரா குழாய்க்கு 2016இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது 5,176 கோடி ரூபாய். மதிப்பீடான 12,940 கோடியில் 40 விழுக்காடு. வடகிழக்கு மாநிலங்களுக்கான இந்திரதனுஷ் குழாய்த் திட்டத்துக்கு 2020இல் 9,265 கோடியில் 60 விழுக்காடு கிடைத்தது. திட்ட அறிக்கை தயாரிக்கும் வேலையில் இருக்கிற எங்களுக்குக் கவலை வேறு. இப்படிக் கொடுக்கிற பணம் கடைசியில் எரிவாயு வாங்குகிறவருக்கு விலைக் குறைவாக வந்து சேருகிறதா? சேலம் பக்கம் கணக்குப் போட்டால், பெரும்பகுதி வழியிலேயே கரைந்துவிடும் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு மாதிரிக் கணக்கு. குழாய்க்கு 1,000 கோடி முதலீடு. முதலின் மேல் வருவாய், தேய்மானம், வரி எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 150 கோடி, பராமரிப்புக்கு 20 கோடி என்று வையுங்கள். நாளொன்றுக்கு 10 லட்சம் கன மீட்டர் எரிவாயு ஓடினால் ஆண்டுக்குச் சுமார் 1.3 கோடி எம்எம்பிடியு (எரிவாயுவை விற்கும் வெப்ப அலகு இது; ஒரு எம்எம்பிடியு ஏறக்குறைய 28 கன மீட்டர்). குழாய்க் கட்டணம் எம்எம்பிடியுவுக்கு 130 ரூபாய் வருகிறது. 40 விழுக்காடு மானியம் கிடைத்தால் 150 கோடி 90 ஆகிறது. கட்டணம் 84 ரூபாய்க்கு இறங்குகிறது. ஆனால் எதிர்பார்த்ததில் பாதி எரிவாயுதான் விற்றது என்றால், மானியம் வாங்கிய பிறகும் கட்டணம் 169 ரூபாய். மானியமே இல்லாத கணக்கைவிட அதிகம். குழாய்க் கட்டணத்தை நிர்ணயிக்கும் பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியத்தின் கணக்கு, பல ஆண்டுப் பணவரவை இன்றைய மதிப்புக்கு மாற்றிப் போடுவதால் இவ்வளவு எளிதல்ல. இணைந்த குழாய்களுக்கு 2023 ஏப்ரல் முதல் ஒருங்கிணைந்த கட்டணம் வந்துவிட்டதால் ஒரு குழாயின் நட்டம் மற்றவற்றோடு கலந்தும் போகிறது. எப்படிக் கலந்தாலும் தேவைக் கணிப்பு பிசகினால் யாரோ ஒருவர் கொடுத்தாக வேண்டும்.

அதனால் தேவைக் கணக்கெடுப்பில்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். சேலத்தில் அதிகம் ஏமாற்றுவது சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள். எண்ணிக்கையைப் பார்த்தால் ஆசை வரும். ஆலைக்குள் போய்ப் பார்த்தால், குச்சிக்கிழங்கு (மரவள்ளி) வரத்து இருக்கும் மாதங்களில்தான் முழு ஓட்டம். ஜவ்வரிசி காய்வது வெயில் களத்தில். வறுக்கும் தட்டுக்கு அடியில் எரிவது விறகு. போதாததற்குப் பல ஆலைகள் கழிவுநீரிலிருந்தே பயோகேஸ் எடுத்துக்கொள்கின்றன. இவர்கள் எரிக்கும் விறகைக் கலோரியாக மாற்றி, அதை எரிவாயுத் தேவை என்று காட்டும் அட்டவணைகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. விறகு எரிப்பவர் விலை பார்த்து எரிப்பவர். கலோரி பார்த்து அல்ல. நாங்கள் விறகை எண்ணுவதில்லை. பர்னஸ் ஆயில் (உலை எண்ணெய்), டீசல், வணிக எல்பிஜி மூன்றுக்கும் பன்னிரண்டு மாத பில் கேட்போம். பர்னஸ் ஆயில் ஒரு கிலோவுக்கு 1.1 கன மீட்டர், 19 கிலோ சிலிண்டருக்கு 24 கன மீட்டர் எரிவாயு என்பது தோராய மாற்று. பில் காட்ட மறுப்பவரைத் தேவையில் சேர்க்காமல் விடுவதே நல்லது.

வெள்ளைக்கல் (மேக்னசைட்) சூளைகள் வேறு ரகம். மேக்னசைட்டை முழுதாகச் சுட 1,600 டிகிரிக்கு மேல் வேண்டும். சூளையை நினைத்தபோது அணைத்து ஏற்ற முடியாது. ஆண்டு முழுக்கச் சீராக இழுக்கும் வாடிக்கையாளர் இவர்தான். ஆனால் சுரங்க அனுமதி நின்றால் சூளையும் நிற்கும் என்பதை அறிக்கையில் எழுத யாரும் விரும்புவதில்லை. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளை மொத்தமாகச் சேர்த்தாலும் சிறிய அளவுதான். ஏற்காட்டுக்கும் குழாய் கேட்பவர்கள் உண்டு: இருபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே உள்ள ஊருக்குக் குழாய் ஏற்றும் செலவை எந்த மானியமும் நியாயப்படுத்தாது. சிலிண்டர் லாரி போதும்.

அடுத்தது நிலம். குழாய்களுக்கான 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலத்தை வாங்குவதில்லை. பயன்பாட்டு உரிமையை மட்டும் எடுக்கிறார்கள். உரிமையாளருக்குச் சந்தை மதிப்பில் 10 விழுக்காடு, பயிர், மர இழப்புக்குத் தனி. காகிதத்தில் மலிவு. களத்தில் பாருங்கள்: சதுரமான ஒரு ஏக்கருக்கு நடுவே 20 மீட்டர் அகலப் பட்டை போனால் 31 சென்ட் கட்டுப்பட்டுவிடும். இரு பக்கமும் 34 சென்ட் சொச்சம் மிஞ்சும். பட்டையில் கட்டடம் கூடாது, கிணறு கூடாது, மரம் கூடாது. மரவள்ளி போட்டுக்கொள்ளலாம் என்று சொன்னால், “தென்னையும் வைக்கக் கூடாது, கிணறும் வெட்டக் கூடாதுன்னா அப்புறம் எதுக்குங்க அந்த நெலம்?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கோவை முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்டங்கள் வழியே மத்திய அரசு நிறுவனமான கெயில் திட்டமிட்ட குழாய் 2013இல் மாநில அரசின் ஆணையால் நின்று, உச்ச நீதிமன்றம் வரை போய் 2016 பிப்ரவரியில் தீர்ப்பு வந்ததற்குப் பின்னால் இந்த 31 சென்ட் இருக்கிறது. குழாய்க்கு 40 விழுக்காடு கொடுக்கத் தயாராக இருக்கும் அரசு, இந்த 10 விழுக்காட்டை உயர்த்தத் தனியாக ஒரு தொகை ஒதுக்கினால் ஆண்டுக்கணக்கான தாமத வட்டி மிச்சமாகும் என்பது எங்கள் கருத்து.

உயர்த்தினாலும் பணம் போய்ச் சேர வேண்டுமே. அரசிதழ் அறிவிப்பில் வருவது பட்டாவில் உள்ள பெயர். அது பெரும்பாலும் தாத்தா பெயர். பாகம் பிரித்தது வாய்மொழியாக. ஆட்சேபம் தெரிவிக்க இருப்பது 21 நாள். அறிவிப்பு வந்ததே பலருக்கு அதற்குப் பிறகுதான் தெரியும். அறிவிப்புக்கு முன்பே விஏஓ, சர்வேயரோடு போய்ப் புல எண் வாரியாக அடங்கலையும் (கிராமப் பயிர்க் கணக்கு), அடங்கலில் இல்லாத போர்வெல்லையும் எழுதிக்கொள்வது பாதி வழக்குகளைத் தவிர்க்கும். சர்வேக்கு ஒதுக்கும் பணத்தைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்!

பாறையையும் இதே சர்வேதான் சொல்லும். 24 அங்குலக் குழாய் என்றால் மேலே ஒரு மீட்டர் மண், குழாய் 61 செ.மீ., அடியில் 15 செ.மீ. மணல் மெத்தை, பள்ளம் 1.76 மீட்டர். இங்கே பல இடங்களில் இரண்டடிச் செம்மண்ணுக்குக் கீழே பாறை. கல் கட்டிய கிணறுகள் அருகே வெடி வைக்க முடியாது. பிரேக்கர் வைத்து உடைத்தால் வேலை நத்தை வேகம். மெத்தைக்கு ஆற்று மணல் கிடைக்காமல் எம்-சாண்டைச் சலிக்காமல் கொட்டினால் அதன் கூர்முனைகள் குழாயின் பாலித்தீன் பூச்சைக் கீறும். இறக்குமுன் 25 கிலோவோல்ட்டில் ஹாலிடே டெஸ்ட் (பூச்சில் ஓட்டை தேடும் மின்சோதனை) பண்ணித் தேறிய குழாயில், மண் மூடும்போது கீறல் விழுந்திருந்தால், துருப்பிடிக்காமல் காக்கக் கொடுக்கும் காதோடிக் மின்சாரம் கூடுதலாக இழுக்கும்போதுதான் தெரியவரும். மானியம் பொதுவாக ஒப்புதல் பெற்ற மதிப்பீட்டோடு நின்றுவிடும். பாறைக்கு ஏறும் செலவு கட்டணத்தில்தான் ஏறும்.

இவ்வளவும் தாண்டி எரிவாயு சூளை வாசலுக்கு வந்தால் வரி காத்திருக்கிறது. இயற்கை எரிவாயு இன்னும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. வாட் கட்டினால் கட்டியதுதான், அதை விற்பனை வரியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரவு கிடையாது. பர்னஸ் ஆயிலுக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி கட்டும் சூளைக்காரர் அதைத் தன் விற்பனை வரியில் கழித்துக்கொள்கிறார். அதனால் இரண்டு எரிபொருளின் பில் விலையை நேருக்கு நேர் வைத்தால் எரிவாயு மலிவு போலத் தெரியும். வரவைக் கழித்துப் பார்த்தால் அந்த மலிவு பல சமயம் காணாமல் போகும். எங்கள் கணிப்பு அட்டவணையில் ஒவ்வொரு ஆலைக்கும் இரண்டு பத்தி வைக்கிறோம், பில் விலை ஒன்று, வரவு கழித்த விலை ஒன்று. இரண்டாவது பத்தியிலும் எரிவாயு மலிவாக வரும் ஆலைகளை மட்டுமே தேவையில் சேர்க்கிறோம்.