பாட்டி விரித்த வெள்ளைத் துணி

எருசலேமில் நாங்கள் தேடிப்போனது திருக்கல்லறை ஆலயத்தை. இயேசுவை அடக்கம் செய்ததும் அவர் உயிர்த்தெழுந்ததும் அங்கேதான் என்பது மரபு. சந்தில் வழி கேட்டபோது ஒரு கிரேக்கப் பெரியவர் அந்தப் பெயரையே ஏற்கவில்லை. "அனாஸ்தாசிஸ்" என்று திருத்தினார். உயிர்ப்பு என்று அர்த்தம். கிரேக்கர், ரஷ்யர் போன்ற கீழைத் திருச்சபையார் அதை உயிர்ப்பின் ஆலயம் என்றுதான் சொல்வார்களாம். நின்ற இடத்திலேயே எனக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது.

ஆறு திருச்சபைகள் பங்குபோட்டுக்கொண்ட ஆலயம் அது. வாசலுக்கு மேலே ஜன்னலோரம் ஒரு மர ஏணி. 18ஆம் நூற்றாண்டிலிருந்தே அங்கே இருக்கிறது. யார் எடுப்பது என்பதில் உடன்பாடில்லை. கதவின் சாவியோ ஒரு முஸ்லிம் குடும்பத்திடம், திறக்கும் பொறுப்பு இன்னொரு முஸ்லிம் குடும்பத்திடம். சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது.

முதலில் கூரைக்கு ஏறினோம். எத்தியோப்பியத் துறவிகள் அங்கே மண்குடிசை போன்ற சிற்றறைகளில் வாழ்கிறார்கள். கறுத்து மெலிந்த ஒரு துறவி, கைப்பிடி குறுக்காக வைத்த நீளமான கோல் ஒன்றின் மேல் மோவாயைச் சாய்த்தபடி நின்றார். அவர்கள் வழிபாடு பல மணி நேரம் நீளும், நின்றுகொண்டே செய்வார்கள், அதற்குத்தான் கோல். கோலின் தலைப்பகுதி கைபட்டுக் கைபட்டு வழவழத்திருந்தது. கொஞ்சம் நீண்ட பிரசங்கத்துக்கே கடிகாரம் பார்க்கிறவன் நான்.

அப்புறம் கீழே இறங்கினோம். நுழைந்ததும் எதிரே பூசுதல் கல். இயேசுவின் உடலுக்கு நறுமணத் தைலம் பூசிக் கட்டிய இடம் என்பது மரபு. 1808இல் ஆலயம் தீப்பிடித்த பிறகு, 1810இல் பதித்த கல்தான் இப்போது இருப்பது. நான் குனிந்து தொட்டுவிட்டு, விண்ணப்பப் பட்டியலை மனதுக்குள் வேகமாக ஒப்பித்தேன். உடல்நலம், பிள்ளைகளின் படிப்பு, கடன். பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள்.

பக்கத்தில் ஒரு ரஷ்யப் பாட்டி. பையிலிருந்து வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து, கல்லின்மேல் சுருக்கமில்லாமல் விரித்தார். சிறு குப்பியிலிருந்து எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, உள்ளங்கையால் மூலைவரை நீவினார். அவசரமே இல்லை. கூட வந்த பேத்திக்கு அரைகுறை ஆங்கிலம் தெரிந்தது. வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படத்துக்குச் சார்த்தவா என்று கேட்டேன்.

"இல்லை. பாட்டி சாகும்போது அவர்மேல் போர்த்த."

சட்டென்று எனக்குப் பேச்சு வரவில்லை. அங்கே பல பேர் இப்படிச் செய்வார்கள் என்று பேத்தி இயல்பாகச் சொன்னாள். என் முகத்தைப் பார்த்த பாட்டி அவளிடம் ஏதோ சொல்ல, அவள் மொழிபெயர்த்தாள்: "இயேசு உயிர்த்தெழுந்த இடத்துத் துணியோடுதானே போகப்போகிறேன், பயமென்ன என்கிறார்."

பாட்டி துணியை நான்காக மடித்தார். பைக்குள் வைக்கும்முன் ஒரு முனையை என் மூக்கருகே நீட்டினார். ரோஜா மணம்.