பம்பைக் கழற்றும் முன் டியூபைப் பாருங்கள்

எங்கள் டாடா 207 டிஐ பழைய வண்டி, பொள்ளாச்சிப் பக்கத் தோப்புகளில் தேங்காய் ஏற்றுகிற வண்டி. கொஞ்ச நாளாகவே ஐட்லிங்கில் நின்றால் கேபின் மொத்தமும் உதறும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் உடனே இழுக்காமல் ஒரு கணம் தயங்கி அப்புறம்தான் கிளம்பும். கேட்டவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "பம்ப் போயிருச்சு, கழட்டி பெஞ்சுல போடணும்." அவர்கள் சொன்னது டீசலை அழுத்திச் சிலிண்டர்களுக்கு அனுப்பும் இன்ஜெக்ஷன் பம்பை, பெஞ்ச் என்பது அதைக் கழற்றிச் சோதிக்கும் மேஜை. மெக்கானிக்கல் பம்ப் (கம்ப்யூட்டர் கட்டுப்பாடு இல்லாத பழைய வகை) உள்ள டீசல் வண்டியில் இந்த முடிவுக்கு இவ்வளவு சீக்கிரம் வருவது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. பம்ப் வேலை பெரிய செலவு, வண்டி ஓடாமல் நிற்கும், பழுது வேறு இடத்தில் இருந்தால் திரும்பி வந்த பிறகும் அதே உதறல்தான்.

முதலில் சந்தேகப்பட வேண்டியது காற்று. டாங்கில் இருந்து ஃபீட் பம்ப் (டீசலை டாங்கில் இருந்து இழுத்து இன்ஜெக்ஷன் பம்புக்குக் கொடுக்கும் சின்ன பம்ப்) வரைக்கும் லைன் உறிஞ்சும் பக்கம். என்ஜின் ஓடும்போது அங்கே டியூபில் மயிரிழை வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும், அதனால் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தாலும் பெரும்பாலும் ஈரம் தெரியாது, "லீக் எதுவும் இல்லையே" என்று எழுந்து வந்துவிடுவோம். டீசலை அழுத்தினால் அநேகமாகச் சுருங்காது, காற்று நன்றாகச் சுருங்கும். இந்த மாதிரி டைரக்ட் இன்ஜெக்‌ஷன் என்ஜினில் நாசில் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை) திறக்கவே சுமார் 200 பார் அழுத்தம் வேண்டும். நடுவில் குமிழி இருந்தால் பம்ப் தள்ளுகிற தள்ளல் அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விடும், அந்தச் சிலிண்டருக்கு அந்த முறை டீசல் குறைவாகக் கிடைக்கும், இல்லை கிடைக்கவே கிடைக்காது. அதுதான் மிஸ்ஸிங். காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்து, ஹேண்ட் பிரைமரை (லைனில் டீசலைக் கையால் ஏற்றும் அமுக்கி) நாலு அழுத்து அழுத்தியதும் பட்டென்று பிடித்துக்கொள்கிறது என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும், ராத்திரியில் காற்று புகுந்து லைனில் இருந்த டீசல் டாங்குக்கே இறங்கியிருக்கும். ஃபீட் பம்ப் வால்வு சரியாக மூடாவிட்டாலும் இதே கதைதான்.

இதைப் பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஃபீட் பம்புக்கு வரும் லைனில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப் ஒரு துண்டு மாட்டி, என்ஜினை ஓடவிட்டுப் பார்த்தால் போதும். எங்கள் வண்டியில் குமிழி வரிசையாக வந்துகொண்டே இருந்தது. அப்புறம் ஒரு சுத்தமான கேனில் டீசல் ஊற்றி, டாங்கை விட்டுவிட்டு நேராக அந்தக் கேனில் இருந்து உறிஞ்சவிட்டோம், லைனில் இருந்த காற்றை வெளியேற்றி ஸ்டார்ட் செய்ததும் குமிழி நின்றது, தயக்கமும் போனது. அதாவது பழுது கேனுக்கும் பம்புக்கும் நடுவில் இல்லை, டாங்கு பக்கம்தான். தேடிப் போனால் டாங்கின் மேலே டியூப் மாட்டுகிற இடத்தில் கிளிப்புக்கு அடியில் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது.

இதோடு கூடவே பார்க்க வேண்டியவை சில உண்டு: ஃபில்டரில் தண்ணீர், ஃபீட் பம்ப் வாயில் இருக்கும் சின்ன வலை, ஏர் ஃபில்டர். டாங்கு மூடியின் காற்றுத் துளையையும் மறக்காதீர்கள், அது அடைத்திருந்தால் வண்டி கொஞ்ச தூரம் நன்றாக ஓடிவிட்டு அப்புறம் இழுவை குறையும், மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே போகும்.

டியூப் மாற்றிய பிறகு இழுவை சரியாகிவிட்டது, ஆனால் ஐட்லிங்கில் லேசான உதறல் மிச்சம் இருந்தது, புகையும் கொஞ்சம் கறுப்பு. அப்போதுதான் நாசில் பக்கம் போனோம். என்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது ஒவ்வொரு நாசிலின் பைப் நட்டையும் கொஞ்சமாகத் தளர்த்திப் பார்ப்பார்கள். தளர்த்தியதும் என்ஜின் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது, எந்த மாற்றமும் இல்லை என்றால் அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். எங்களுக்கு மூன்றாவது. நாசிலைக் கழற்றி டெஸ்டரில் போட்டால் பனிப்புகை மாதிரி பீய்ச்ச வேண்டியது சொட்டுச் சொட்டாக வடிந்தது. நாசில் மாற்றினோம், கீழே இருக்கும் செம்பு வாஷரையும் புதிதாகப் போட்டோம். நிறையப் பேர் பழைய வாஷரையே திரும்பப் போடுகிறார்கள், கம்ப்ரஷன் அதன் வழியே கசிந்து மறுபடி அதே தலைவலி.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நட்டைத் தளர்த்தும் இந்தச் சோதனை பழைய மெக்கானிக்கல் பம்புக்கு மட்டும்தான், அதிலும் கண்ணாடி போட்டுக்கொண்டு, கையைப் பீய்ச்சும் திசையில் வைக்காமல் செய்ய வேண்டும். காமன் ரெயில் வண்டியில் (கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் புது வகை டீசல் என்ஜின்) தயவுசெய்து தொடவே வேண்டாம், அங்கே அழுத்தம் 1000 பாருக்கு மேல் போகும், டீசல் தோலைக் கிழித்து உள்ளே இறங்கினால் விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

டியூப் வாங்கும்போது டீசலுக்கு என்றே செய்ததைக் கேட்டு வாங்குங்கள், தண்ணீர் டியூப் டீசலில் சீக்கிரம் ஊறிக் கெட்டுவிடும். கிளிப்பை ரப்பர் நசுங்கும் அளவுக்கு முறுக்க வேண்டாம், எங்களுக்கு வெடித்திருந்தது சரியாகக் கிளிப் கடித்திருந்த இடத்தில்தான்.